ரெக்டர் துப்பாத வாரம்

ஆல்டவெர்ட் பல்கலைக்கழகத்தில் ஒருவர் டாக்டர் ஆவதற்கு ஆய்வேடு எழுதினால் மட்டும் போதாது. ரெக்டர் அவர்மேல் துப்ப வேண்டும்.

ரெக்டர் வெண்கலத்தால் ஆனவர். முற்றத்தின் நடுவில், எட்டு மூலைத் தொட்டிக்கு மேலே, கல்தூணில் நிற்கிறார். பெயர் ஹாயோ. பல்கலைக்கழகத்தின் முதல் ரெக்டர், அதாவது தலைவர். உயிரோடு இருந்த காலத்தில் தர்க்கம் சொல்லிக்கொடுத்தவர். வகுப்பில் ஒருவன் சரியாகப் பதில் சொல்லிவிட்டால், எங்காவது தப்பு வராதா என்று பேசாமல் அவனையே பார்த்துக்கொண்டு நிற்பார். வரும்வரை அடுத்தவனிடம் நகர மாட்டார். வந்துவிட்டால்தான் வாயைத் திறப்பார். திறந்தால் முதல் மூன்று பெஞ்சும் நனையும். இந்த நாட்டில் மழைக்கோட்டு மீனவர்களுக்காகத் தைக்கப்பட்டது என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். தர்க்க வகுப்புக்காகத்தான் தைக்கப்பட்டது என்பது ஆல்டவெர்ட்டில் எல்லோருக்கும் தெரியும். அவர் செத்த பிறகு பழைய மாணவர்கள் சேர்ந்து இந்த நீரூற்றைக் கட்டியபோது சிலையை வாய் திறந்தபடிதான் வார்த்தார்கள். மூடியிருந்தால் யாருக்கும் அடையாளம் தெரிந்திருக்காது.

மற்ற ஊர் நீரூற்றுகளைப் போல அவர் ஓயாமல் கொட்டுவதில்லை. நினைத்துக்கொண்டாற்போல ஒரு வாய் துப்புவார், பிறகு ஓய்வு. பெரும்பாலும் புறாக்கள்மேல்.

வழக்கம் இதுதான். ஆய்வேட்டை எதிர்ப்பாளர்கள் முன்னால் காத்து வென்றவர், கருப்பு வால்கோட்டோடு முற்றத்துக்கு வர வேண்டும். கட்டியக்காரி மணி கட்டிய கோலோடு முன்னே நடப்பாள். துணையாள் இருவர் இரண்டு பக்கமும் வருவார்கள். தொட்டிக்கு முன்னால் தேய்ந்து பள்ளமாகிவிட்ட கல் ஒன்று இருக்கிறது, அதன்மேல் நிற்க வேண்டும். நகரக் கூடாது, குடை கூடாது. ரெக்டர் துப்பியதும் வலது பக்கத் துணையாள் அவரை 'டாக்டர்' என்று உரக்கக் கூப்பிடுவார். அப்போது எப்படிக் கூப்பிடுகிறாரோ அதுதான் ஆயுளுக்கும் பெயர். முன்பு ஒரு கால்நடை மருத்துவருக்கு வலது பக்கம் நின்றவர் அந்த நேரம் பார்த்துத் தும்மிவிட்டார். கடைசிவரை ஊர் அந்த மருத்துவரைத் தும்மிதான் கூப்பிட்டது. மனிதரும் திரும்பிப் பார்த்தார்.

ஒரு பனிக்காலத்தில் ரெக்டர் துப்பியது பாதி வழியிலேயே உறைந்து விழுந்தது. சட்டத்துறைக்காரர் ஒருவர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், அடுப்பில் உருக்கி, மனைவி கையால் தலையில் ஊற்றிக்கொண்டார். செல்லும் என்று பல்கலைக்கழகம் முடிவு செய்தது. ஆனால் வெதுவெதுப்பான டாக்டர் என்று அவரை ஓரளவுக்குத் தள்ளியே வைத்திருந்தார்கள்.

வீப்ரன் டெர்ப்ஸ்ட்ராவுக்கு அந்தப் பட்டம் மற்றவர்களைவிட அவசரமாகத் தேவைப்பட்டது. ஊரில் அவனுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்ததுதான் காரணம். தக்கை.

அந்தப் பெயரை வைத்தவர் மாமனார் ஹோய்தே. சரக்குப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். 'கறுப்பு வாத்து' என்று சொந்தமாக ஒரு பாய்மரப் படகு வைத்திருந்தார். குளிர்காலம் முழுக்கக் கரையில் கிடக்கும் படகில் மழைத் தண்ணீர் வடிவதற்கு அடிப்பலகையில் ஒரு துளை உண்டு. வசந்தத்தில் படகை இறக்கும் முன்னால் அதில் தக்கையை அடைக்க வேண்டும். கல்யாணமான வருஷம் அந்த வேலையை மரியாதைக்காக மாப்பிள்ளையிடம் கொடுத்தார்கள். படகு இறங்கியது. ஹோய்தே கரையில் நின்று தொப்பியைக் கழற்றிப் படகுக்கு வணக்கம் வைத்தார். தொப்பியைத் திரும்பத் தலையில் வைத்தபோது பாய்மரத்தின் நுனியும் அதன்மேல் உட்கார்ந்திருந்த ஒரு கடற்காகமும் மட்டும் தெரிந்தன.

தக்கையை அடைத்தேன் என்றுதான் வீப்ரன் சொன்னான். அன்றைக்கும் சொன்னான், அதற்குப் பிறகு கேட்ட எல்லோரிடமும் சொன்னான். வெயிலில் பலகை விரிந்ததால்தான் மூழ்கியது என்று கணக்குப் போட்டு நிரூபித்தும் காட்டினான். ஊரை ஏமாற்றுவதற்காக இல்லை, மனதார நம்பினான். மனைவி ரின்ஸ்கா ஒரே ஒரு தடவை, "நீ அடைக்கலை வீப்ரன். கையில வெச்சுக்கிட்டுப் பேசிக்கிட்டிருந்தே, அப்புறம் அடைப்பேன்னு நினைச்சேன்" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே அவள் எடுக்கவில்லை. எடுத்துச் சண்டை போட்டிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் பேசாமலிருந்தது ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு மேசையில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருந்தது.

ஊர் பேசியது. ரொட்டிக் கடையில் பௌக்கே, "வாங்க தக்கை, கறுப்பு ரொட்டியா வெள்ளையா?" என்பான். மீன் கடையில், "தக்கைக்கு நல்ல ஹெர்ரிங்கா பார்த்துக் குடு, தண்ணிக்குள்ள இருந்ததுன்னா அவருக்கு ரொம்பப் பிடிக்கும்" என்பார்கள். டாக்டர் பட்டம் வாங்கினால் ஒழிய இந்தப் பெயர் போகாது என்று வீப்ரன் கணக்குப் போட்டான். அவன் கணக்கு தப்பியதே கிடையாது.

அவன் படித்தது நீரியல். ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ரெக்டரையே. தண்ணீர் எப்படி அவர் வாய்வரை ஏறுகிறது என்பது கேள்வி. முன்காலத்தில் ஒரு காற்றாலை ஏற்றியது. அது இடி விழுந்து எரிந்து மூன்று தலைமுறை ஆகிறது. பல்கலைக்கழகம் மோட்டார் வைத்திருக்கிறது என்று நகராட்சி நினைத்தது. நகராட்சி வைத்திருக்கிறது என்று பல்கலைக்கழகம் நினைத்தது. வீப்ரன் தொட்டிக்கு அடியில் இறங்கித் தேடினான். மோட்டார் இல்லை, மேல்நிலைத் தொட்டி இல்லை, ஒன்றுமே இல்லை. ஒரு பழைய ஈயக் குழாய் நேராகக் கால்வாய்க்குப் போயிற்று. கால்வாயின் மட்டமோ ரெக்டரின் செருப்புக்கும் கீழே. ஆல்டவெர்ட்டில் உயரமான இடம் என்று சொல்ல தேவாலயம் நிற்கிற மண்மேடு ஒன்றுதான் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் வேடிக்கை பார்க்க மாடுகள் அதன்மேல் ஏறும். அப்படிப்பட்ட தரையில் தண்ணீர் மேலே ஏறுவதற்கு ஒரு காரணமும் கிடையாது.

இந்த நீரூற்று இயங்க முடியாது என்று வீப்ரன் செங்கல் தடிமனுக்கு எழுதி நிரூபித்தான்.

எதிர்வாதத்தன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. வலது பக்கத் துணையாளாக மாமனார் நின்றார். ரின்ஸ்கா கேட்டுக்கொண்டதால் நின்றார். இடது பக்கம் ரின்ஸ்கா. முதல் எதிர்ப்பாளர் இயற்பியல் பேராசிரியர் டாம்ஸ்ட்ரா. சொந்தத் தம்பியையே தேர்வில் இரண்டு தடவை வீழ்த்தியவர். இரண்டாவது தடவை அவன் தேர்வு எழுதவேயில்லை.

டாம்ஸ்ட்ரா ஆய்வேட்டைத் தூக்கிக் காட்டினார். "காத்து? இந்த ஊர்க் காத்து உறிஞ்சி மேல இழுக்கலாமே?"

"ஏழாவது அத்தியாயம் ஐயா. புயல்ல கூட இழுக்காது."

"அலை?"

"கால்வாய்ல அலை இல்லை ஐயா. வாத்து நீந்தினா வர்றதுதான். அதையும் கணக்குல சேர்த்திருக்கேன்."

"எத்தனை வாத்து?"

"அடிக்குறிப்புல இருக்கு ஐயா."

டாம்ஸ்ட்ரா அடிக்குறிப்பைப் பார்த்தார். பிறகு, அவர் வாழ்க்கையில் யாரும் பார்த்திராத விதமாக, தலையை மேலும் கீழும் ஆட்டினார். அடுத்து எழுந்த வரலாற்றுப் பேராசிரியை யெல்த்யேவுக்கும் ஓட்டை கிடைக்கவில்லை. கட்டியக்காரி ஆல்த்யே கதவைத் திறந்துகொண்டு வந்து, கோலைத் தரையில் தட்டி, "ஹோரா எஸ்ட்!" என்றாள். நேரம் ஆயிற்று என்று லத்தீனில் அர்த்தம். அந்த இரண்டு வார்த்தைக்கு மேல் அவளுக்கு லத்தீன் தெரியாது, தேவையும் படவில்லை. வீப்ரன் தேறிவிட்டான்.

ஊர்வலம் முற்றத்துக்கு வந்தது. வீப்ரன் கல்மேல் ஏறி நின்றான். ரெக்டர் காலையில்கூடப் புறாக்களைத் துப்பி விரட்டியிருந்தார். இப்போது வாயைத் திறந்தபடி அவனைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கூட்டம் காத்தது. பல்கலைக்கழகப் பாடகர் குழு பாட்டைப் பாடி முடித்து, வேறு பாட்டு தெரியாததால் அதையே திரும்பப் பாடியது. ரெக்டரின் கீழுதட்டில் ஒரு சொட்டு நின்றது. எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். அந்தச் சொட்டு உள்ளே போய்விட்டது.

ஹோய்தே பக்கவாட்டில் சாய்ந்தார். "ஏம்ப்பா தக்கை, இவரையும் மூழ்கடிச்சிட்டியா?"

"மாமா, சும்மா இருங்க."

"நான் சும்மாதான் இருக்கேன். அவரும் சும்மாதான் இருக்காரு. அதுதானே பிரச்சினை."

சாயங்காலத்துக்குள் ரெக்டர் துப்புவதையே நிறுத்திவிட்டது உறுதியாகிவிட்டது. அடுத்த நாள் மத இயல் படித்த ஹிஸ்க்யே என்ற பெண் தேறி வந்தாள். வீப்ரனைக் கல்லிலிருந்து இறக்காமல் அவள் ஏற முடியாது. வழக்கப்படி நனையாமல் அவன் இறங்கவும் கூடாது. சாப்பிடுவதற்கும் தூங்குவதற்கும் மட்டும் இறங்கலாம், அப்போது கல்மேல் தொப்பியை வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று கட்டியக்காரி தீர்ப்புச் சொன்னாள். மறுநாள் உருளைக்கிழங்கு நோய் பற்றி எழுதியவர் வந்தார், அதற்கு மறுநாள் ஒரு வானியல்காரர். வால்கோட்டுகள் தொட்டியைச் சுற்றி வரிசை கட்டி நின்றன. பால் வண்டிக்காரர் அதைச் சவ ஊர்வலம் என்று நினைத்து நாள்தோறும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு போனார்.

பௌக்கே வழக்கம்போலச் சர்க்கரை ரொட்டியில் 'டாக்டர்' என்று எழுதி ஜன்னலில் வைத்திருந்தான். அது காய்ந்து கல்லாகி, கடைக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுக்கப் பயன்பட்டது.

"முடியாதுன்னு அவர் எதிர்லயே நிரூபிச்சா எந்த மனுஷனுக்குத்தான் மனசு விட்டுப் போகாது?" என்றான் பௌக்கே.

"அவர் மனுஷன் இல்லை, சிலை. எதிர்லயும் சொல்லலை, மண்டபத்துல சொன்னேன்."

"ஜன்னல் திறந்திருந்துச்சே! இத்தனை நாளா மோட்டார் இல்லைன்னு அவருக்குத் தெரியுமா? தெரியாது. தெரியாம நல்லா துப்பிக்கிட்டிருந்தாரு. நீங்க போய்ச் சொல்லிட்டீங்க."

"அது விஞ்ஞானம் இல்லை பௌக்கே."

"விஞ்ஞானமா இல்லையா எனக்குத் தெரியாது தக்கை. தண்ணி வரலை."

தொட்டியிலிருந்த வாத்துகள் ஒரு நாள் வரிசையாக இறங்கி, முற்றத்தைக் கடந்து, நகராட்சிக் குளத்துக்குக் குடிபெயர்ந்தன. கடைசி வாத்து திரும்பி வீப்ரனை ஒரு பார்வை பார்த்தது. அதை அவன் ரின்ஸ்காவிடம்கூடச் சொல்லவில்லை.

பல்கலைக்கழகம் கூடிப் பேசியது. எதிர்வாதத்தை மறுபடி நடத்துவது, இந்தத் தடவை நீரூற்றுக்கு முன்னாலேயே நடத்துவது என்று முடிவாயிற்று. ஆய்வேட்டில் ஒரே ஒரு தப்பாவது கண்டுபிடித்துச் சிலையின் காது கேட்கச் சொல்லிவிட்டால் ரெக்டருக்கு நம்பிக்கை திரும்பிவிடும். வீப்ரனின் பட்டம் போய்விடும், ஆனால் ஊருக்கு நீரூற்று கிடைக்கும்.

அன்றைக்குக் கடுகு சூப் வைத்திருந்தாள் ரின்ஸ்கா. வீப்ரன் கரண்டியை எடுக்கவில்லை.

"தப்பு இருந்தா பட்டம் போயிடும். தப்பு இல்லேன்னா அவர் துப்ப மாட்டார், பட்டம் இருந்தும் இல்லை. எப்படிப் பார்த்தாலும் நான் தக்கைதான்."

"தப்பு இருக்கா?"

"இல்லை."

"இருக்கவே இருக்காதா?"

"சரிபார்த்துட்டேன் ரின்ஸ்கா. நாலு தடவை."

"நீ சரிபார்த்தா சரியாத்தான் இருக்கும்." அவள் ரொட்டியைச் சூப்பில் தோய்த்தாள். "சாப்பிடு, ஆறிடும்."

அதைவிட அவள் ஓங்கி அறைந்திருக்கலாம்.

மறு எதிர்வாதத்துக்கு ஊரே வந்தது. பேராசிரியர்கள் அங்கி அணிந்து நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். காற்று பலமாக அடித்ததால் அங்கிகள் அவர்களுக்கு முன்னே பறந்தன, சிலர் எதிரில் இருந்தவரின் அங்கிக்குள் பேசினார்கள். வீப்ரன் கல்மேல் நின்றான். இரண்டு பக்கமும் ஹோய்தேயும் ரின்ஸ்காவும். ரின்ஸ்கா கையில் ஒரு துணிப்பை.

டாம்ஸ்ட்ரா ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு கூட்டலையும் திரும்பக் கூட்டிப் பார்த்திருந்தார். கண் சிவந்திருந்தது. "இல்லை" என்றார் எழுந்து நின்று. "ஒண்ணுமே இல்லை. ஒரு காற்புள்ளிகூடத் தப்பில்லை. முப்பது வருஷமா தப்பு கண்டுபிடிக்கிறேன், இந்த மாதிரி ஒருத்தன் என்னை அவமானப்படுத்தினதே இல்லை."

மற்றவர்களும் முயன்றார்கள். மருத்துவப் பேராசிரியர் குழாயின் ஆரோக்கியம் பற்றிக் கேட்டார். மத இயல் பேராசிரியர், தண்ணீர் மேலே ஏறியதற்கு வேதத்தில் சான்று உண்டு என்றார். வீப்ரன், அங்கே ஈயக் குழாய் இல்லை என்றான். பேராசிரியை யெல்த்யே மட்டும் கேள்வி எதுவும் கேட்காமல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து ரெக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். ரெக்டர் வீப்ரனையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக யெல்த்யேயின் முகம் வெளுத்தது.

"ஒரு நிமிஷம்" என்றார் எழுந்து. "ரெக்டர் ஹாயோ வகுப்புல எப்போ துப்புவார்?"

"தப்பா சொன்னா" என்றது கூட்டம். பால்வாடிக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம்.

"சரியா சொன்னா?"

"பேசாம பார்த்துக்கிட்டு நிப்..." என்று தொடங்கிய கூட்டம் அத்தோடு நிறுத்திக்கொண்டது.

நனைந்த டாக்டர்கள் நிறையப் பேர் அங்கே இருந்தார்கள். துணைவேந்தர், நீதிபதி, இரண்டு பல் மருத்துவர்கள், மருந்துக் கடைக்காரர். எல்லோரும் மெல்லக் கையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள், இப்போதுதான் துப்பியதைப் போல.

"என்மேல ரெண்டு தடவை துப்பினார்" என்றார் டாம்ஸ்ட்ரா, யாரிடமும் இல்லாமல். "பெருமைன்னு நினைச்சு எங்கம்மாவுக்குத் தந்தி அடிச்சேன்."

"புறாக்கள்மேலயும்தான் துப்பறாரு!" என்று நீதிபதி கடைசி நம்பிக்கையோடு கத்தினார்.

"புறா என்ன நினைச்சுக்கிட்டிருக்குதோ, நமக்கு என்ன தெரியும்?" என்றார் யெல்த்யே.

ஹிஸ்க்யே வரிசையில் இரண்டாவதாக நின்றாள். "அப்ப நான்? என்மேல துப்பணுமா, வேண்டாமா?" என்றாள்.

துணைவேந்தர் தொண்டையைச் செருமினார். "விஷயம் சுலபமாயிடுச்சு. டெர்ப்ஸ்ட்ரா, ஏதாவது தப்பா ஒண்ணு சொல்லுங்க. அவர் துப்புவார், எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்."

வீப்ரன் ரெக்டரைப் பார்த்து நின்றான். "ரெண்டும் ரெண்டும் அஞ்சு" என்றான்.

ரெக்டர் அசையவில்லை.

"கால்வாய்த் தண்ணி மேல்நோக்கி ஓடும். உருளைக்கிழங்கு மரத்துல காய்க்கும். பேராசிரியர் டாம்ஸ்ட்ரா சாந்தமானவர்."

ஒன்றும் இல்லை. சிலையின் மூக்கிலிருந்து ஒரு புறா சலித்துப் பறந்து போயிற்று.

"அது பொய்" என்றார் யெல்த்யே. "தெரிஞ்சே சொன்னா பொய்தான். அவர் பொய்க்குத் துப்பினதா யாரும் சொல்லலை. சரின்னு நம்பிச் சொல்லணும், அது தப்பா இருக்கணும். அப்படி ஏதாவது நம்பறீங்களா?"

வீப்ரன் நேர்மையான மனிதன். கண்ணை மூடி, தான் நம்புகிற விஷயங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். நிறையவே இருந்தன. ஆரம்பத்திலிருந்து கடைசிவரை சரிபார்த்துவிட்டுக் கண்ணைத் திறந்தான்.

"மன்னிக்கணும் அம்மா. என்கிட்ட அப்படி ஒண்ணும் இல்லை."

ஊர் ஒரு பெருமூச்சு விட்டது. ஹிஸ்க்யே அழத் தொடங்கினாள். வானியல்காரர் தன் தொப்பியை மிதித்தார்.

ரின்ஸ்கா துணிப்பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். அவ்வளவுதான் செய்தாள். ஆனால் வீப்ரன் பார்த்துவிட்டான்.

"என்ன?" என்றான்.

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லாம சொல்றே. இத்தனை வருஷமா சொல்லாம சொல்றே. எதை நினைச்சு மாத்தினே பையை?"

"கை வலிச்சுது வீப்ரன்."

வலது பக்கத்திலிருந்து ஹோய்தே கனைத்தார். "அவ சொல்ல மாட்டா, நல்ல பொண்ணு. நான் கேக்கறேன். என் கறுப்பு வாத்து ஏன் முங்கிச்சு?"

"மாமா, எத்தனை தடவை சொல்றது! இந்த இடத்துல போய்..."

"இந்த இடத்துலதான் சொல்லேன். ஊரே இருக்கு, பேராசிரியருங்க இருக்காங்க. முங்கினது எதனால?"

வீப்ரன் நிமிர்ந்து நின்றான். ஒரு வாரமாகக் கல்மேல் நின்று முதுகு வலித்தது. ரெக்டரையும் மறந்துவிட்டான், கூட்டத்தையும் மறந்துவிட்டான். அவன் பேசியது ரின்ஸ்காவைப் பார்த்து. "பலகை விரிஞ்சதால. வெயில்ல காஞ்ச பலகை, அதுல விரிசல், கணக்குப் போட்டுக் காட்டியிருக்கேன். தக்கையை நான் என் கையாலயே அடைச்..."

ரெக்டர் துப்பினார்.

இதைப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளலாம். ஒரு வாரமாக வாயில் அடக்கி வைத்திருந்தது மொத்தமும் ஒரே வீச்சில் வந்தது. வீப்ரன் கல்லிலிருந்து வழுக்கி, தொப்பியோடு, டாம்ஸ்ட்ராவின் மடியில் போய் உட்கார்ந்தான். முதல் மூன்று வரிசை நாற்காலிகளும் நனைந்தன. கட்டியக்காரியின் கோலிலிருந்த மணிகள் தண்ணீர் பட்டுத் தாமாகவே ஒலித்தன. "ஹோரா எஸ்ட்!" என்று ஆல்த்யே பழக்கத்தில் கத்தினாள். நகராட்சிக் குளத்திலிருந்து வாத்துகள் வரிசையாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன.

வீப்ரன் எழுந்து, கல்லுக்குத் திரும்பி வந்து நின்றான். மூக்கிலிருந்தும் காதிலிருந்தும் தண்ணீர் வடிந்தது. எல்லோரும் ஹோய்தேயைப் பார்த்தார்கள். கூப்பிட வேண்டியவர் அவர்தான். எப்படிக் கூப்பிடுகிறாரோ அதுதான் நிலைக்கும்.

ஹோய்தே தொப்பியைக் கழற்றினார். அன்றைக்குக் கரையில் படகுக்குக் கழற்றியதைப் போலவே கழற்றினார். அதைப் பிழிந்தார், உதறினார், தலையில் திரும்ப வைத்தார். மருமகனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். இந்தத் தடவை எதுவும் மூழ்கியிருக்கவில்லை.

"வாழ்த்துகள்," என்றார் முற்றம் அதிரும் குரலில், "டாக்டர் தக்கை!"

"டாக்டர் தக்கை!" என்றது ஊர். தொப்பிகள் பறந்தன. பௌக்கே கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த ரொட்டியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். அதைத் தொட்டித் தண்ணீரில் ஊறவைத்துத்தான் தின்ன முடிந்தது.

வரிசையில் நின்ற மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கல்மேல் ஏறினார்கள். ரெக்டர் எல்லோர்மேலும் துப்பினார், ஒருவரையும் விடவில்லை. ஹிஸ்க்யேமேல் கொஞ்சம்தான் துப்பினார். அந்தக் கொஞ்சத்தை அவள் இன்றுவரை பெருமையாகச் சொல்லிக்கொள்கிறாள்.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி நின்றது. நீரூற்று ஓடுகிறது, ஓட முடியாது என்ற நிரூபணத்தில் ஒரு காற்புள்ளிகூடத் தப்பில்லை. இரண்டும் சரிதான், ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாதவரை தொந்தரவில்லை என்று பல்கலைக்கழகம் முடிவு செய்தது. ஆய்வேடு நூலகத்தில் முற்றத்தைப் பார்க்காத பக்கத்து அலமாரியில் இருக்கிறது. அதைப் படிக்கிறவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, மனதுக்குள் படிக்க வேண்டும் என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு ரின்ஸ்கா துணிப்பையைத் திறந்தாள். உள்ளே ஒரு பெரிய துண்டும் காய்ந்த சட்டை ஒன்றும் இருந்தன.

வீப்ரன் துண்டை வாங்கித் தலையைத் துவட்டிக்கொண்டு, "இதெல்லாம் எதுக்கு எடுத்துட்டு வந்தே? அவர் துப்புவார்னு யாருக்குமே தெரியாதே" என்றான்.

"துப்புவார்னு எனக்கும் தெரியாது. அப்பா உன் பக்கத்துல நிக்கிறார். எப்படியும் படகுப் பேச்சு வரும், நீ தண்ணியிலதான் போய் நிப்பேன்னு தெரியும்."

அவன் துண்டுக்குள்ளிருந்து முகத்தை எடுத்தான். "ரின்ஸ்கா, அந்தத் தக்கை அன்னிக்கு என் கையிலதான்..."

"விடு" என்றாள். "ரெக்டரே சொல்லிட்டார்ல."

இரண்டு பேரும் கால்வாய் ஓரமாக வீட்டுக்கு நடந்தார்கள். வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள்.